எள்ளும் பயறும் வெந்தயமும்: பினாங்குத் தமிழர் உணவில் விதைகளின் வரலாறு

பினாங்கு ஜார்ஜ் டவுனில், தமிழர் நெடுநாளாகக் கடைத்தெரு என்றே வழங்கிவரும் லெபோ பாசாரில், மளிகைக் கடைகளின் முன்னே சாக்குகள் வாய் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் எள், ஒன்றில் வெந்தயம், மற்றவற்றில் கடுகு, சீரகம், சோம்பு, கொத்தமல்லி, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை என வரிசை நீளும். அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள பேரங்காடிக்குள் நுழைந்தால், சியா, ஆளி, சூரியகாந்தி முதலிய விதைகள் கைக்கடக்கமான பைகளில் அடைக்கப்பெற்று, உடல் நலத்தின் பெயரால் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுவதைக் காணலாம். அன்றாடச் சோற்றிலும் மாவுப் பண்டங்களிலும் சத்துள்ள விதைகளைச் சேர்த்துண்ண வேண்டும் என்பது இன்று ஒரு புதிய அறிவுரையாகவே சொல்லப்படுகிறது. அறிவுரை நல்லதே, புதியது என்பதுதான் பொருந்தாது. ஒரு கைப்பிடிப் பயறு உயிரைக் காத்ததும், அஃது இல்லாமையால் பல்லாயிரவர் மாண்டதும் இம்மலாயா மண்ணிலேயே நிகழ்ந்தவை. அவ்வரலாற்றைத் தமிழாசிரியர் பலரும் மாணவர்க்கு எடுத்துரைக்கும் வாய்ப்புப் பெற்றிலர்.

தமிழர் உணவில் விதைகளுக்கு இருந்த இடத்தைச் சங்க நூல்களே காட்டும். வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கையும் தவிர வேறு உணவு இல்லையென்று சொல்லும் புறநானூற்றுப் பாட்டில், முதலிரண்டும் கூலம். பின்னிரண்டும் பருப்பு வகை. இரண்டும் சேர்ந்ததே உணவு என்னும் தெளிவு அன்றே இருந்தது. அகநானூற்றின் திருமணப் பாட்டொன்று உளுந்தை மிகுதியாகப் பெய்து ஆக்கிய விருந்துணவைக் கூறுகிறது. கணவனை இழந்த பெருங்கோப்பெண்டு பாடிய பாட்டில் வெள்ளெள்ளின் துவையல் கைம்பெண்டிர் உணவாக வருகிறது. ஆங்கு அது வறுமைக்கும் துயருக்கும் அடையாளம். எள்ளின் நெய்தான் எண்ணெய். பின்னாளில் தேங்காயிலும் கடலையிலும் பிழிந்தவற்றிற்கும் அப்பெயரே நீண்டுவிட்டபடியால், எள்ளின் நெய்க்கு நல்லெண்ணெய் என்று ஓர் அடைமொழி தேவைப்பட்டது. சொல்லே வரலாறு உரைக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று.

இவ்வுணவு வழக்கம் கடல் கடந்து பினாங்கு வந்த வகையை இனி நோக்கலாம். 1786இல் ஆங்கிலேயர் இத்தீவில் குடியேற்றம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து சூலியா முஸ்லிம் வணிகர்கள் பெருந்தொகையினராக வந்தமர்ந்தனர். அவர்கள் பெயரால் அமைந்த சூலியாத் தெருவும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் இன்றும் நிற்கின்றன. 1833இல் குயின் தெருவில் மாரியம்மன் கோயில் எழுந்தது. 1840களிலிருந்து எதிர்க்கரையான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்குவதே பல தலைமுறைகளுக்கு வழியாயிற்று. ரஜூலா கப்பலை அறியாத தமிழ்க் குடும்பம் முன்னாளில் இந்நாட்டில் அரிது.

வந்தவர்களின் மூட்டைகளில் பொன் இருந்ததோ இல்லையோ, வெந்தயமும் கடுகும் இருந்தன. மலாய்ச் சமையலில் அவற்றின் சுவடு இன்றும் அழியாமல் இருக்கிறது. ‘ஹல்பா சம்புர்’ என்று மலாய்க்காரர் கடையில் கேட்டு வாங்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால், வெந்தயம், கடுகு, சீரகம், சோம்பு முதலியன கலந்திருக்கும். சிலவற்றில் உளுத்தம்பருப்பும் காணப்படும். தமிழ்ப் பெண்டிர் மீன் குழம்பு தாளிக்கையில் கையால் அள்ளிப் போடும் கலவையே அது. ஹல்பா என்பது வெந்தயத்திற்குரிய அரபுச் சொல்லின் வழிவந்தது. தமிழர் கைப்பழக்கம் அரபுப் பெயர் தாங்கி மலாய் வீட்டு அடுக்களையில் குடியேறியிருக்கிறது. பினாங்கின் பெயரோடு ஒட்டிக்கொண்ட நாசி கண்டாரின் குழம்புகளும் இம்மரபிலிருந்து கிளைத்தவையே.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் செல்லுதல் இயலாது. விதை உணவு என்றால் ஏதோ தனி உணவு என்று கருதலாகாது. தாளிப்பில் அரைக் கரண்டி, தோசை மாவில் ஒரு பிடி, பொடியில் சிறிது, சுண்டலாகச் சிறிது எனப் பலவாய்ப் பிரிந்து, உண்பவர் அறியாமலே உள்ளே செல்லும் முறைதான் தமிழர் முறை. இட்டலியில் உளுந்து இருக்கிறதென்று எவரும் எண்ணி உண்பதில்லை.

இனி, உயிரோடு தொடர்புடைய பகுதிக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும், சிறைகளிலும், மருத்துவமனைகளிலும் பெரிபெரி என்னும் நோய் பரவிக் கிடந்தது. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்கு உடல் வீங்கும். முடிவில் நெஞ்சு அடங்கிவிடும். திடமாக வந்திறங்கிய இளைஞர்கள் சில திங்களில் தடியூன்றி நடந்தனர். இந்நோய் பெரும்பாலும் சீனத் தொழிலாளரையே தாக்கிற்று. மலாய்ச் சிற்றூர்களில் அரிதாகவே காணப்பட்டது. தமிழர் இருந்த தோட்டங்களிலும் மிகக் குறைவு. ஒரே வெயில், ஒரே மழை, ஒரே சேறு. நோய் மட்டும் ஆள் பார்த்து வந்தது. அது ஏன் என்ற வினா அக்கால மருத்துவர்களை வாட்டியது.

விடை தேடியவர்கள் பல திசைகளில் ஓடினர். கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. பெரிபெரியை ஆராய்தல் அதன் தலையாய பணிகளுள் ஒன்று. அதன் முதல் தலைவரான ஹாமில்டன் ரைட், இது தொற்று நோய் என்று உறுதியாக நம்பினார். பினாங்கில் 1879இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றுத் திரும்பிய ஊ லியன் தே என்னும் இளைஞரும் 1903ஐ ஒட்டி அக்கழகத்தில் ஓராண்டளவு பெரிபெரி ஆராய்ச்சியில் ஈடுபட்டார். பின்னர் பினாங்குச் சூலியாத் தெருவில் மருத்துவத் தொழில் நடத்தினார். மஞ்சூரியாவில் 1910-11இல் பரவிய கொள்ளை நோயை அடக்கி உலகப் புகழ் பெற்றவர் அவரே. தமிழ் வணிகர் நெருங்கி வாழ்ந்த தெருவில், பெரிபெரியின் புதிரை மனத்தில் சுமந்த ஒரு சீன மருத்துவர் அமர்ந்திருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. விடையின் ஒரு பாதி எதிர்வீட்டு அடுக்களையில் கொதித்துக்கொண்டிருந்தது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்பவர்தான் அப்பாதியைக் கண்டார். ஒவ்வோர் இனத்தாரும் உண்ணும் அரிசி வேறு என்பதை அவர் கவனித்தார். சீனர் உண்டது ஆலையில் வெளுக்கத் தீட்டிய சயாம் பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது அன்றன்று உரலில் குத்திய கைக்குத்தல். தமிழர் உண்டதோ இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி. நோய் வெள்ளைப் பச்சரிசியோடு சேர்ந்தே சென்றது. இதனை 1907இல் அவர் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். கண்டது சரி, ஆனால் கொண்ட காரணம் தவறு. தீட்டிய அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதினார். உள்ளதைத் தேடினாரேயன்றி இல்லாததைத் தேடினாரல்லர். இல்லாத பொருள் ஒன்று நோயை விளைவிக்கும் என்னும் எண்ணமே அக்கால மருத்துவத்துக்குப் புதிது.

அதே ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெச்சர் ஒரு சோதனை செய்தார். விடுதியில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்து, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பகுதிக்கும், இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு பகுதிக்கும் அனுப்பினார். ஒரு சாராருக்குத் தீட்டிய சயாம் அரிசி. மறு சாராருக்கு இந்தியப் புழுங்கலரிசி. ஒவ்வொரு சாராரும் ஏறத்தாழ 120 பேர். ஐயம் வாராதபடி இடையில் இரு சாராரின் இருப்பிடத்தையும் மாற்றினார். பச்சரிசி உண்டவருள் பெரிபெரி பரவி 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவருள் புதிதாக எவருக்கும் நோய் வரவில்லை. அடுத்து ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போடச் சென்ற ஜாவானியத் தொழிலாளர் 300 பேரிடம் இவ்வாறே சோதித்து, 1909இல் முடிவை வெளியிட்டனர். முடிவு மாறவில்லை. மறு ஆண்டு மணிலாவில் கூடிய கீழ்த்திசை மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளரிசியை இடைவிடாது உண்பதே பெரிபெரியோடு தொடர்புடையது என்று அறிவித்தது.

அறிவியல் வரலாற்றில் இச்சோதனைகள் பெரிதும் போற்றப்படுகின்றன. ஆயினும் அப்பதினெட்டுப் பேரின் பெயர் எங்கும் நினைக்கப்படவில்லை. மறுத்துரைக்கும் நிலையில் இல்லாத மனநோயாளரிடம், எது கொல்லும் என்று பார்க்க உணவு பகிர்ந்தளித்தது இன்றைய நெறிக்கு ஒவ்வாதது. கற்பிக்கும் ஆசிரியர் இதனையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

அரிசியிலிருந்து போனது யாது? விடையின் மற்றொரு பாதி ஜாவாவில் கிடைத்தது. அது ஒரு விதையில் இருந்தது. பத்தாவியாவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் 1890களில் கண்டார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ், தவிட்டில் மட்டுமன்றி ‘கச்சாங் ஹீஜாவ்’ எனப்படும் பாசிப்பயற்றிலும் அக்காக்கும் பொருள் இருப்பதை மெய்ப்பித்து, 1901இல் எழுதினார். உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று தீட்டிய அரிசியில் இல்லை. அது பயற்றில் உண்டு என்பதே அவர் கூற்று. இன்மையே நோய்க்குக் காரணம் என்று முதன்முதல் தெளிவாகச் சொன்னவர் அவர்தாம். நோபெல் பரிசு 1929இல் எய்க்மனுக்கும் ஆங்கில அறிஞர் ஹாப்கின்சுக்கும் போயிற்று. கிரைன்சின் பெயர் பின்தங்கிவிட்டது. பாசிப்பயற்றுக்குப் பரிசு கொடுப்பாரும் இலர்.

வைட்டமின் என்ற பெயரின் மூலவடிவை 1912இல் ஃபுங்க் என்பவர் சூட்டினார். 1926இல் ஜாவாவில் தவிட்டிலிருந்து அச்சத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பைக் கண்டு 1936இல் செயற்கையாக ஆக்கியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் 1886இல் பிறந்த ஊர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்! இன்று அது தயாமின், அல்லது பி1 உயிர்ச்சத்து எனப்படுகிறது. தீட்டிய பச்சரிசி 100 கிராமில் அது சுமார் 0.07 மில்லிகிராம், பாசிப்பயற்றில் 0.6 மில்லிகிராம் அளவில் உள்ளது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 1.2 மில்லிகிராம் அளவு. கணக்கைப் போட்டுப் பார்த்தால், வெறும் வெள்ளைச் சோற்றால் வயிறு நிறையுமேயன்றி உயிர் நில்லாது என்பது விளங்கும்.

புழுங்கலரிசி காத்தது எங்ஙனம் என்பதும் எளிதே. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, உமிக்கடியில் தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து நீரோடு அரிசியின் உட்புறம் இறங்கிப் படிந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதும் போய்விடாது. ஆனால் தமிழர் நெல்லை அவித்தது பெரிபெரியை அறிந்தன்று. அவித்த நெல் குத்துகையில் நொறுங்காது, பூச்சி எளிதில் பிடிக்காது, பழஞ்சோற்றுக்கு ஏற்றது. வேறு பயன் கருதிச் செய்தது உயிரைக் காத்துக் கொடுத்தது. முன்னோர் எல்லாம் அறிந்தே செய்தனர் என்று மேடைகளில் முழங்குவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். அதே சென்னை மாகாணத்தில், பச்சரிசியையே விரும்பி உண்ட வடசர்க்கார் ஆந்திரக் கடற்கரையில் பெரிபெரி நிலைத்திருந்தது. தமிழரிலும் வசதி படைத்தோர் பச்சரிசியை உயர்வாகவும் புழுங்கலைத் தாழ்வாகவும் எண்ணியதுண்டு. ஏழையின் அரிசி இவ்விடத்தில் வென்றது.

இன்னொரு கசப்பான உண்மையும் இங்கே உரியது. பெரிபெரியை ஆராய 1918இல் நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் ஓர் அறையில் சிறு ஆய்வகம் தொடங்கினார். பின்னர் அவர் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு ஊட்டி வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாபிச் சீக்கியர் உணவு தின்ற எலிகளே நன்கு வளர்ந்தன. சோற்றையே மிகுதியாகக் கொண்ட சென்னை உணவு கடைநிலையில் நின்றது. பருப்பும் விதையும் மரபில் இருந்தால் மட்டும் போதாது. தட்டில் எவ்வளவு விழுகிறது என்பதே கேள்வி. ஏழைத் தொழிலாளி வீட்டில் சோறு மலையாகவும் பருப்பு மருந்தாகவும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பாசிப்பயறு பினாங்கில் மூவினத்தாருக்கும் பொதுவான விதை. தமிழர்க்கு அது சுண்டலும் பாயசமும் பொங்கலும். மலாய்க்காரர்க்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்த ‘புபூர் கச்சாங் ஹீஜாவ்’. சீனர்க்கோ தோல் நீக்கி அவித்து மசித்து, வெங்காயம் வதக்கிச் சேர்த்து, மாவுறைக்குள் பொதிந்து அடுப்பில் வாட்டிய ‘தாவு சார் பியா’. பினாங்கிலிருந்து விடைபெறுவோர் கையில் இப்பண்டத்தின் பெட்டி இல்லாமல் இராது. இதனைச் செய்யும் கீ ஹியாங் என்னும் கடை 1856இல் தொடங்கியது. அக்கடை அதே அளவு பெயர் பெற்றிருப்பது எள்ளெண்ணெய்க்கு. எள்ளை வறுத்தபின் பிழிவது சீனர் முறை; ஆதலின் அவ்வெண்ணெய் கருஞ்சிவப்பாகவும் மணம் மிகுந்தும் இருக்கும். வறுக்காமல் செக்கில் ஆட்டுவது தமிழர் முறை. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எள்ளெண்ணெயில் இஞ்சியும் கோழியும் சமைத்துக் கொடுப்பது சீனர் வழக்கம். பூப்பெய்திய பெண்ணுக்கு உளுத்தங்களியில் நல்லெண்ணெய் வார்த்துக் கொடுப்பது தமிழர் வழக்கம். பெண்ணின் உடல் தளரும் காலத்தில் எள்ளை நாடிய இவ்விரு வழக்கங்களும் ஒன்றையொன்று பார்த்துக் கற்றவையல்ல.

கச்சாங் பூத்தே விற்றவர்களை மறத்தல் தகாது. அவித்த கொண்டைக்கடலை, வறுத்த பட்டாணி, நிலக்கடலை, முறுக்கு என்று தலைத்தட்டிலும் மிதிவண்டியிலும் வைத்துக்கொண்டு, திரையரங்கு வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் நின்றவர்கள் பெரும்பாலும் தமிழர்களே. பழைய தாள்களைச் சுருட்டிச் செய்த கூம்பில் ஐந்து காசுக்கு அவர்கள் அளந்து போட்டது, மூவினப் பிள்ளைகளுக்கும் மாலை வேளைப் புரதம். அந்தத் தாள்கள் பல வேளைகளில் மாணவரின் பழைய பயிற்சிப் புத்தகங்களாக இருந்ததும் உண்டு. ஆசிரியரின் சிவப்பு மைத் திருத்தத்தோடு கடலை உண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்!

1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி வரத்துச் சுருங்கியது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. கிழங்கில் மாவு உண்டு. புரதமும் பி1 உயிர்ச்சத்தும் மிகக் குறைவு. அடங்கியிருந்த பெரிபெரி மீண்டும் தலைதூக்கியது. சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட போர்க் கைதிகளும், பல்லாயிரக் கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளரும், வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் அடுத்தபடி இந்நோய்க்கும் இரையாயினர். புழுங்கலரிசியால் காக்கப்பட்டிருந்த அதே மக்கள், அவ்வரிசி நின்றதும் காப்பிழந்தனர். தமிழருக்கு இயல்பாகவே இந்நோய் வாராது என்று ஒருகாலத்தில் எண்ணியிருந்தவர்களுக்கு இதைவிடக் கொடிய மறுப்பு வேண்டுவதில்லை.

போருக்குப் பின் நிலை மாறிற்று. பெரிபெரி ஏறக்குறைய மறைந்தது. ஆனால் தட்டில் ஒரு மாற்றம் ஓசையின்றி நுழைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் நகர்ப்புறங்களாகியும் போக, தொழிலாளர் குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன. வெள்ளைப் பச்சரிசியே பொது அரிசியாயிற்று. அம்மியும் ஆட்டுக்கல்லும் அடுக்கு வீடுகளின் மாடிப்படி ஏறவில்லை. எள்ளுப் பொடியும் கொள்ளு இரசமும் வெந்தயக் களியும் நினைவுகளாகிவிட, இனிப்புப் பாலூற்றிய தேநீரும் வெள்ளை ரொட்டியும் காலையுணவாயின. பழைய நோய் இன்மையால் வந்தது. புதிய நோய் மிகுதியால் வந்தது. 2019ஆம் ஆண்டு மலேசிய நலவியல் கணக்கெடுப்பின்படி, வளர்ந்தவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்க்கின் இந்தியரிடையே அதன் விகிதம் பிறரினும் மிகுதி.

இவ்விடத்தில் குன்னூர் மீண்டும் வருகிறது. மெக்கரிசன் பெரிபெரிக்காகத் தொடங்கிய அச்சிறு ஆய்வகமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அந்நிறுவனத்தில் 1980களிலும் 1990ஐ ஒட்டியும் சர்மா என்பவரும் உடனிருந்தோரும் வெந்தயத்தை நீரிழிவாளருக்கு உணவில் சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்து, இரத்தச் சர்க்கரை தணிவதைக் கண்டனர். வெந்தயத்தின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நார்ச்சத்து. அதில் ஒரு பகுதி நீரில் கரைந்து பசையாகி, உணவு குடலில் மெல்ல நகரவும், சர்க்கரை இரத்தத்தில் மெல்ல ஏறவும் செய்கிறது. ஊறிய வெந்தயத்தைத் தொட்டுப் பார்த்தவர்க்கு அப்பசை புதிதன்று. ஆயினும் அவ்வாராய்ச்சியில் கொடுத்த அளவு நாளைக்கு 100 கிராம் வரை சென்றது; தாளிப்பில் விழும் அரைக் கரண்டியால் நீரிழிவு தீரும் என்று கொள்வது பேதைமை. மருந்துண்பவர் மருத்துவரைக் கேளாது மிகுதியாக உட்கொள்வதும் தகாது, சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடக் கூடும்.

விதைகளைச் சோற்றோடு சேர்ப்பதன் பொருத்தம் இன்னொரு வகையிலும் உண்டு. புரதம் என்பது பல அமினோ அமிலங்களின் கோவை. அரிசியில் லைசின் குறைவு. உளுந்திலும் பயற்றிலும் அது மிகுதி. பயற்றில் மெத்தியோனின் குறைவு. எள்ளில் அது மிகுதி. இட்டலி, அதன்மேல் எள்ளுப் பொடி, நல்லெண்ணெய் என்று வைத்த தட்டில் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. மாவு புளிக்கும்போது, இரும்பையும் துத்தநாகத்தையும் உடல் ஏற்காதபடி பிணித்து வைக்கும் ஃபைட்டிக் அமிலம் ஓரளவு சிதைகிறது. எள்ளைப் பற்றி ஒரு செய்தி: தோலோடு கூடிய எள் 100 கிராமில் 900 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டென்று பெரிதாகச் சொல்வர். அது மெய். ஆனால் அதன் பெரும்பகுதி தோலில் ஆக்சலேட்டாகக் கட்டுண்டு கிடப்பது. உடலுக்குச் சேர்வது குறைவு. தோல் நீக்கிய வெள்ளெள்ளிலோ அச்சத்தே மிகக் குறைந்துவிடும். ஆகவே பாலுக்கு மாற்று எள் என்று விளம்பரம் செய்வோரை முழுதும் நம்பவேண்டுவதில்லை.

கசகசாவைப் பற்றியும் ஒரு சொல். பினாங்குக் குருமாவுக்குக் கொழுமை தந்தது அது. அபினிச் செடியின் விதை என்பதால், அண்டையிலுள்ள சிங்கப்பூரில் அதனைக் கொண்டுசெல்லல் சட்டப்படி குற்றம். இங்கிருந்து உறவினர்க்கு மசாலைப் பொட்டலம் அனுப்புவோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

சியா விதை மெக்சிகோ நாட்டது. நீரில் இட்டால் வழவழப்பான உறை சூழ்ந்து உப்பும். அதைக் கண்டு வியப்பவர், பினாங்குத் தெருக்களில் குளிர்பானத்தில் மிதக்கும் ‘செலாசே’யைக் கண்டதில்லை போலும். தமிழில் திருநீற்றுப்பச்சை விதை, சப்ஜா விதை எனப்படுவது அதுவே. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகளின் விதைகள். சத்தின் அளவில் வேறுபாடு உண்டு. சியாவில் ஒமேகா-3 கொழுப்பு மிகுதி. விலையில் உள்ள வேறுபாடோ அதனினும் மிகுதி.

இறுதியாக, அடுப்பில் வாட்டும் ரொட்டி. பினாங்கில் ‘ரொட்டி பெங்காலி’ என்று ஒரு ரொட்டி உண்டு. மேற்புறம் நன்கு சிவந்து, உள்ளே கனமாக இருக்கும். பருப்பும் காயும் சேர்ந்த டால்ச்சாவிலோ குழம்பிலோ தோய்த்துண்பர். இதனைச் செய்து பெயர்பெற்ற டிரான்ஸ்பர் சாலை ரொட்டிக்கடை 1928இல் தமிழ் முஸ்லிம்களால் தொடங்கப்பட்டது. வங்காளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும், தொழிலாளரும் பங்குடையவராக நடத்திய கடையாதலின் ‘பங்காளி ரொட்டி’ என்றிருந்து பெங்காலி ஆயிற்றென்றும் ஊரார் கூறுவர். சொல்லாராய்ச்சியில் இத்தகைய கதைகளை ஐயத்தோடு கொள்வதே முறை. ஆயினும் கதை இனியது. குறிக்கத்தக்கது வேறொன்று: ரொட்டி வெண்மாவால் ஆனது, அதன் குறையைத் தீர்த்தது உடன் வைத்த பருப்புக் குழம்பு. விதையை ரொட்டிக்குள் வைக்காமல் ரொட்டிக்கு அருகில் வைத்தனர் அன்றைய தமிழர்.

இன்று வீடுகளிலேயே மின்னடுப்பில் ரொட்டியும் பிஸ்கோத்தும் செய்யும் பழக்கம் பெருகியிருப்பதால், விதையை உள்ளேயே சேர்ப்பது எளிதாகிவிட்டது. பத்துப் பங்கு மாவுக்கு ஒரு பங்கு விதை என்னும் அளவில் தொடங்கினால் ரொட்டி எழும்புவது கெடாது. அதற்குமேல் போனால் கனத்துப்போகும். ஆளி விதையை முழுதாகச் சேர்த்தால் அது செரிக்காமல் வந்தவாறே வெளியேறும். பொடித்துச் சேர்த்தலே பயன் தரும். பொடித்ததை நெடுநாள் வைத்தால் அதன் எண்ணெய் சிக்குவாடை கொள்ளும், ஆதலின் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்துக் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். நீரை உறிஞ்சும் விதைகளை முன்கூட்டியே ஊறவைத்துவிட வேண்டும்; இல்லையேல் அவை மாவின் ஈரத்தை இழுத்து, ரொட்டியை வறட்டியாக்கிவிடும். எள்ளைத் தனியே வறுத்து, சூடு ஆறியபின் பிசைதல் நன்று. மேலே தூவுவதாயின் வறுக்க வேண்டா, அடுப்பே வறுத்துக்கொள்ளும். வெந்தயத்தை ஊறவைத்து அரைத்து மாவில் சிறிது கலந்தால் கசப்புத் தெரியாது; ரொட்டியும் மறுநாள் வரை மென்மையாயிருக்கும். எள் சிலருக்கு ஒவ்வாமை தரும் பொருள்களுள் ஒன்று. பள்ளிக்கூட விருந்துகளுக்குச் செய்யும்போது பெற்றோரை முன்னரே கேட்டறிந்து கொள்க.